அப்பா பென்குயினைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி?

ஆனி மாதம் முட்டம் கடற்கரையில் காற்று ஆளைத் தள்ளும். பேரப்பிள்ளைகளுக்கு எம்பரர் பென்குயினைச் சொல்லிக்கொடுக்க அதுதான் நேரம். அண்டார்டிகாவில் அப்பா பென்குயின் முட்டையோடு நிற்கிற காலமும் அதுவே.

பழைய சாக்ஸில் 450 கிராம் மணலை அள்ளி முடிச்சுப் போடுங்கள். முட்டையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். அதைப் பிள்ளையின் வெறும் பாதங்களின் மேல் வைத்து, பத்தடி நடக்கச் சொல்லுங்கள். குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கினால் விழாது. பனியில் விழுந்த முட்டை சீக்கிரமே உறைந்துவிடும். தாய் இரை தேடிக் கடலுக்குப் போய்விட, தகப்பன் இப்படியே சுமார் 65 நாள் பட்டினியாக நிற்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம், குளிருக்கு அப்பா பென்குயின்கள் கூட்டமாக ஒட்டி நிற்பதுபோல, எல்லாரையும் நெருக்கி நிற்க வையுங்கள். காற்று படுகிற ஓரத்துப் பிள்ளை மெல்ல நகர்ந்து மறுபக்கம் போகட்டும். நடுவில் நின்ற என் சின்னப் பேத்தி சொன்னாள்: "இங்க சூடா இருக்கு தாத்தா."