பெரிய எண்ணை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீளமான ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, பகா எண்ணா, வர்க்க எண்ணா, நிறைவெண்ணா (தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வருமா) என்று புதியவர்கள் குடைவதைப் பார்க்கப் பிடிக்கும். நான் விழுந்த குழிகளிலேயே அவர்களும் விழுவதைத்தான் பார்க்க முடிவதில்லை. 1 பகா எண் அல்ல என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

எண்ணே மாறிப்போவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 9007199254740993 என்ற எண் 2இன் 53ஆவது அடுக்கு என்று ஒருவர் கண்டுபிடித்து வந்தார். கடைசி இலக்கம் 3. ஒற்றைப்படை எண் எப்படி ஐயா 2இன் அடுக்காகும்? "புரோகிராம் அப்படித்தான் சொல்கிறது" என்றார்.

புரோகிராம் பொய் சொல்லவில்லை, அதனிடம் போனது வேறு எண். தசம எண்களுக்கான வழக்கமான 64 பிட் வடிவத்தில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட் மட்டுமே. 2இன் 53ஆவது அடுக்கைத் தாண்டினால் எல்லா முழு எண்களுக்கும் அதில் இடமில்லை. 993 என்று முடிந்தது சத்தமில்லாமல் 992 ஆகிவிட்டது, அதுதான் 2இன் 53ஆவது அடுக்கு.

அதே எண்ணை எக்செல் கட்டத்தில் அடித்துப் பாருங்கள். அது 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 16ஆவது இலக்கம் 0 ஆகிவிடும். இப்போது அது 10இன் மடங்கு! உண்மை என்ன? இலக்கங்களின் கூட்டுத்தொகை 78. ஆகவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. முழுதாகப் பிரித்தால் 3 × 107 × 28059810762433.

எர்ரர் எதுவும் வராது, தப்பான விடையும் கச்சிதமாகவே இருக்கும். அதுதான் வினை. பைத்தான் நிரல்மொழியில் முழு எண் எவ்வளவு நீண்டாலும் அப்படியே நிற்கும். ஆனால் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பதில் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தீர்களா, போச்சு, விடை அந்த 64 பிட் வடிவத்துக்குப் போய்விடும். சாதாரண வர்க்கமூல ஃபங்ஷனும் அப்படித்தான், முழு எண்ணுக்கென்று தனியாக இருப்பதை எடுங்கள். எண்ணை உள்ளே வாங்கியதும் ஒருமுறை அச்சிட்டு, மூலத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். அப்புறம் மற்ற வேலை.

ஒரே சோதனையில் பகா எண் என்று முடிவு கட்டுவது

ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அது வகுக்காத எந்த எண்ணையும் (இதுதான் அடிமானம்) அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதனால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். இதுதான் ஃபெர்மா சோதனை. 2இன் 340ஆவது அடுக்கை 341ஆல் வகுத்தால் மீதி 1. சோதனையில் தேறியாயிற்று. ஆனால் 341 = 11 × 31. அடிமானத்தை 3 என்று மாற்றினால் மாட்டிக்கொள்ளும். 561 அப்படிக்கூட மாட்டாது: தன்னோடு பொதுக்காரணி இல்லாத எந்த அடிமானத்திலும் தேறிவிடும், 3 × 11 × 17 ஆக இருந்துகொண்டே. தோற்றால் நிச்சயம் பகு எண், தேறினால் ஒன்றும் நிச்சயமில்லை. இதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையைப் பல அடிமானங்களில் ஓட்டுங்கள்.

அடுக்குகளை மறப்பது

360 = 2³ × 3² × 5. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 4 × 3 × 2, அதாவது வகுத்திகள் 24. அடுக்குகளை மறந்து 2 × 2 × 2 என்று பெருக்கினால் வரும் எட்டு அல்ல.

வகுத்திகளின் கூட்டலில் அந்த எண்ணையே சேர்ப்பது

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரிதாக இருந்தால் அது மிகை எண். தன்னையும் சேர்த்தால் 1ஐத் தவிர எல்லா எண்ணும் மிகை எண்தான்.

பாதியில் நிறுத்துவது

4294967297 பகா எண் என்றுதான் கணிதவியலாளர் ஃபெர்மா நினைத்தார். 1732இல் ஆய்லர் அதை 641ஆல் வகுத்துக் காட்டினார். வகுத்துப் பார்ப்பதை எண்ணின் வர்க்கமூலம் வரை கொண்டுபோக வேண்டும், இங்கே அது 65536ஐ ஒட்டி வருகிறது. அதுவரை போகாமல், 600 வரை பார்த்தேன், ஒன்றும் வகுக்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.