அந்தச் சொல் யாருடையது? உலக இலக்கியம் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எம்.ஏ. முதலாண்டு அசைன்மென்ட்களைத் திருத்தினேன். நாற்பது பேரில் மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் குறிப்பிட்டவர்கள் மூன்றே பேர். மாணவியாக இருந்தபோது நானும் இப்படித்தான் எழுதினேன் என்பதால், கோபத்தைவிடப் பதற்றம்தான் வந்தது. கடைசி நாளில் படிப்பது, கதைச்சுருக்கத்தை வைத்து ஒப்பேற்றுவது பற்றியெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளரின் சொல்லை ஆசிரியரின் சொல்லாக நினைப்பது

இது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' 1942-ல் பிரெஞ்சில் வந்தது. 1946-ல் ஸ்டூவர்ட் கில்பர்ட் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அவருடைய முதல் வரி: 'மதர் டைட் டுடே'. அந்த 'மதர்' என்ற ஒரு சொல்லை வைத்து, கன்னிமாரா நூலகத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்து என் ஆய்வேட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். மகன் 'மம்' என்று சொல்லவில்லை, விறைப்பாக 'மதர்' என்கிறான், ஆகவே முதல் சொல்லிலேயே அவனுடைய பாசமின்மை தெரிகிறது என்பது என் வாதம்.

வைவாவில் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மெதுவாகக் கேட்டார்: "பிரெஞ்சுல என்ன சொல்லும்மா இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார்: 'மமான்'. வீட்டில் பிள்ளைகள் கூப்பிடும் சொல். நம் 'அம்மா'வுக்கு நெருக்கமானது. அதோடு, பிரெஞ்சு வரி தொடங்குவதே 'இன்று' என்ற சொல்லில்தான். என் வாதம் மொத்தமும் கில்பர்ட் எடுத்த ஒரு முடிவின்மேல் நின்றிருக்கிறது. அத்தியாயத்தைத் திரும்ப எழுத ஒரு செமஸ்டர் போனது.

1988-ல் மேத்யூ வார்ட் 'மமான்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிட்டார். இரண்டு மொழிபெயர்ப்புகளின் முதல் பக்கத்தையும் அருகருகே வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். ஏன் வைக்கவில்லை? என்னிடம் இருந்தது ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட பிரதி. நேராக முதல் அத்தியாயத்தில் தொடங்கியது. தலைப்புப் பக்கமும் காப்பிரைட் பக்கமும் அதில் இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களிலும் அந்த இரண்டு பக்கங்கள்தான் காணாமல் போகின்றன.

இந்த வருடம் ஒரு மாணவர் காஃப்காவின் 'உருமாற்றம்' பற்றி எழுதியிருந்தார். கதாநாயகன் கிரிகோர் கரப்பான்பூச்சியாக மாறினான் என்று ஆரம்பித்து, எதையும் தாங்கிப் பிழைக்கும் கரப்பானின் குணம் பற்றி மூன்று பக்கம். ஜெர்மனில் உள்ள சொல் 'உங்கெட்சீஃபர்'. எந்தத் தனிப் பூச்சியின் பெயரும் இல்லை. அருவருப்பான சிற்றுயிர்களுக்குப் பொதுவாகச் சொல்வது. 1915-ல் புத்தகம் வந்தபோது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதினார்.

ஒரு சொல்லை நம்பி வாதம் கட்டுகிறீர்களா? இன்னொரு மொழிபெயர்ப்பிலும் அது நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் சம்பவத்தையும் பாத்திரத்தின் செயலையும் வைத்துப் பேசுங்கள். அவை பெரும்பாலும் மொழி மாறினாலும் தப்பி வரும்.

தமிழ் மொழிபெயர்ப்பைத் தொடாமல் இருப்பது

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கு இதில் ஏனோ ஒரு கூச்சம். வெ. ஸ்ரீராம் 'அந்நியன்' நாவலைப் பிரெஞ்சிலிருந்தே நேரடியாக மொழிபெயர்த்தார், க்ரியா வெளியிட்டது. பிரெஞ்சிலும் ரஷ்யனிலும் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உண்டு. ஆங்கில 'யூ' அதை விழுங்கிவிடும், தமிழில் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் தமிழ் நூல் ஆங்கிலம் வழியாக வந்தது என்றால், அந்த 'நீங்கள்' மொழிபெயர்ப்பாளர் ஊகித்து வைத்தது. அப்புறம் இன்னொன்று: 'இறந்துவிட்டாள்' என்பதா, 'இறந்துவிட்டார்' என்பதா? பிரெஞ்சில் இந்தக் கேள்வியே இல்லை. தமிழில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்.

இலவசப் பிரதி

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு பெரும்பாலும் கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1914-ல் செய்தது. தாராளமாகப் படிக்கலாம். நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் என்று தெரிந்து படியுங்கள்.

உலகம் என்றால் ஐரோப்பா என்று நினைப்பது

1827-ல் ஜெர்மன் எழுத்தாளர் கெத்தே 'உலக இலக்கியம்' பற்றிப் பேசியதே ஒரு சீன நாவலைப் படித்த உற்சாகத்தில்தான்.

சுருக்கப் பதிப்பு

சென்னை பாரதி சாலை நடைபாதையில் புத்தகம் வாங்குமுன் 'அப்ரிட்ஜ்ட்' என்று உள்ளே எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்னுரை

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு முதலில். மற்றவர்கள் எழுதிய முன்னுரை, நாவலை முடித்த பிறகு.