பிள்ளை கையில் போன் கொடுக்கும் முன்

போனைக் கொடுத்த அன்றே பத்து விதிகளை எழுதி ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், எந்தப் பிள்ளையும் அதைப் படிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஆடும் கேமை நீங்களும் அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். அதில் சாட் எங்கே இருக்கிறது, முகம் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியுமா என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். அப்படியே செட்டிங்ஸில் அதை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். கேமராவுக்குக் கொடுத்த லொகேஷன் அனுமதியையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்தோடு எடுத்த இடமும் பதிவாகிவிடும்.

அப்புறம் ஒரு சின்ன நாடகம். "சூப்பரா ஆடுறியே, உனக்கு என்ன வயசு? இங்க வேண்டாம், வேற ஆப்புக்கு வா, வீட்டுல சொல்லாத." ஏமாற்றுகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நகரும், அதனால் நீங்களே நடித்துக் காட்டுங்கள். 'வீட்டுல சொல்லாத' என்று வந்தாலே ஸ்கிரீன்ஷாட், பிளாக், நேராக உங்களிடம். அப்படி வந்து சொல்லும்போது போனைப் பிடுங்காதீர்கள் (நான் ஒருமுறை பிடுங்கினேன், அதற்குப் பிறகு பல மாதம் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை).

பாஸ்வேர்ட் நீளமாக, கணக்குக்கு ஒன்றாக இருக்கட்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பும் (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி) போட்டுவிடுங்கள்.

சரி, கொஞ்சம் பெரிய பிள்ளைகள். அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். செய்திகளை அழிக்காமல் வைத்துப் போலீஸில் புகார் கொடுங்கள். 18 வயது ஆகுமுன் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை (படத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீடு) மட்டும்தான் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும்.