கட்சி வேண்டாம் என்றால் அரசியலும் வேண்டாமா? குடிமைக் கல்வி அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் கட்சி சார்பற்ற, இலாப நோக்கமற்ற குடிமைக் கல்வி அமைப்பைத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, "இங்கே அரசியல் பேச அனுமதியில்லை" என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுவது. குடிநீர்க் குழாய்க்கு யார் பொறுப்பு, கல்குவாரிக்கு உரிமம் தருவது யார், துறைமுகத் திட்டம் என்று பேச்சு வந்தால் கடற்கரை ஊர்களின் கருத்து எங்கே கேட்கப்படும் என்பவையெல்லாம் அரசியல் கேள்விகள்தாம். அவற்றை நீக்கிவிட்டால், குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு என்று மாணவர்களைக் கேட்டுப் பேனா பரிசளிக்கும் வினாடி வினாதான் மிஞ்சும். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று அமைப்பு சொல்லக் கூடாது. சொல்வது போன்ற தோற்றத்தையும் தரக் கூடாது. கட்டுப்பாடு அவ்வளவே.

அந்தத் தோற்றத்தில்தான் இத்தகைய அமைப்பை நடத்தும் நாங்கள் சறுக்கினோம். முதல் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு கவுன்சிலருக்கு, மரியாதைக்காக என்று எண்ணி, பொன்னாடை போர்த்தினோம். அவருடைய வேட்டிக் கரை அவர் கட்சியின் நிறத்தில் இருந்ததை மேடையில் இருந்த எவரும் கவனிக்கவில்லை; ஆனால் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கவனித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு மற்றக் கட்சிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது எங்களிடம் பொன்னாடையும் இல்லை, மேடையும் இல்லை. யார் வந்தாலும் அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே கட்டன் சாயா.

இடத் தேர்விலும் இதே கவனம் வேண்டும். 1982இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட மாவட்டம் இது. கிறிஸ்தவ ஆலய மண்டபமோ கோயில் கலையரங்கமோ ஒரு சாதியின் சமுதாயக் கூடமோ வாடகையின்றிக் கிடைக்கிறது என்பதற்காக எல்லாக் கூட்டத்தையும் அங்கேயே நடத்தினால், யார் வரமாட்டார்கள் என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது. நூலகமோ பள்ளி வகுப்பறையோ மேல். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தையும், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் அதிகாலை வேலையையும் கணக்கில் கொள்ளாமல் நேரம் குறிப்பதும் இதே வகைத் தவறு.

பாடத்தில் நேரும் பெரிய பிழை, வேறு மாவட்டத்துக்காக எழுதிய கையேட்டை அப்படியே ஒப்பிப்பது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடும் என்பதும், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர் என்பதும் சரியே. ஆனால் 90க்கும் மேற்பட்ட ஊராட்சிகளோடு ஏறத்தாழ 50 பேரூராட்சிகளும் உள்ள இம்மாவட்டத்தில், தென்னந்தோப்பும் குளமும் வாழைத்தோட்டமுமாகக் கிராமம் போலவே தோன்றும் பல ஊர்கள் சட்டப்படி பேரூராட்சிகள், அதாவது நகர்ப்புற உள்ளாட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது. ஒருமுறை எங்கள் பயிற்சியாளர் அரை மணி நேரம் கிராம சபைத் தீர்மானம் எழுதக் கற்றுத் தந்த பின், பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா, "எங்க ஊரு பேரூராட்சியாச்சே சார், நாங்க எங்க போய்க் கேட்கணும்?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கியிருக்க வேண்டும்.

விவாதத்தைப் பட்டிமன்றமாக்குவது நம்மவர்களுக்கே உரிய பழக்கம். பட்டிமன்றம் நல்ல கலைதான். ஆனால் அதில் அணிகள் முன்பே பிரிந்துவிடுகின்றன, கைத்தட்டலே அளவுகோலாகிறது, கடைசியில் நடுவர் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். குவாரி லாரிகள் ஓடும் சாலையைப் பற்றிய கலந்துரையாடலில் தீர்ப்பு எதற்கு? லாரி ஓட்டுநரும் அச்சாலையில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயும் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி, "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று உறுதி செய்த பிறகே தம் மறுப்பைச் சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் விதியாக வைத்திருக்கிறோம். நடத்துபவர் நேரத்தையும் முறையையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அதற்காகக் குரல் உயர்ந்தவுடன் "சண்டை வேண்டாம்" என்று பேச்சை மாற்றிவிடக் கூடாது. கோபமாகச் சொல்லப்பட்டாலும் உண்மையான குறை, குறைதான். தனிமனிதரையோ சாதியையோ மதத்தையோ இழுக்கும்போது நிறுத்தினால் போதுமானது.

உள்ளூர் வரலாறு சர்ச்சைக்குரியது என்று ஒதுக்குவதையும் நான் தவறென்றே கருதுகிறேன். சட்டத்தின் முன் சமம் என்பதை விளக்க, தோள்சீலைப் போராட்டத்தையும் 1859ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அரசாணையையும் விட அருகில் உள்ள சான்று எது? அந்த ஆணையும் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை அளித்துவிட்டு, உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று தடுத்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்ததையும் அவ்வாறே பேசலாம். நடந்தது இது, அதைப் பற்றிய கருத்துகள் இவை என்று பிரித்துக் காட்டினால் போதும்.

தேர்தல் காலத்தில் வேட்பாளர்களை அழைப்பதானால் அனைவரையும் அழைக்க வேண்டும், பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பான பொதுக்கூட்டத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு தடை விதிப்பதால், அந்த நாள்களில் கூட்டமே வைக்காதிருப்பது நல்லது.

நன்கொடைக்கு ரசீது தராமல் விடுவதும் தவறே. நாற்காலி வாடகையை யார் கொடுத்தார் என்ற கேள்வி இங்கே எப்படியும் வரும். வரவு செலவை அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் வாசித்து, கணக்கு நோட்டை வாசலிலேயே வைத்துவிடுங்கள்.