சிஸ்கோ 7941, 7961 போனை எஸ்ஐபிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய சிஸ்கோ 7941, 7961 மேசை போன்களை வாங்கி, சிஸ்கோவுக்கே உரிய எஸ்சிசிபி முறையில் பேசும் பழைய ஃபர்ம்வேரை (போனுக்குள் இருக்கும் மென்பொருளை) எடுத்துவிட்டு, பொதுவான எஸ்ஐபி முறையில் பேசும் ஃபர்ம்வேரை ஏற்றினால், வீட்டில் ஓடும் ஆஸ்டெரிஸ்க் என்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளோடு நன்றாகவே வேலை செய்யும். போன் ஆன் ஆனதும், நெட்வொர்க்கில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் ஐபி முகவரி கேட்கும். அந்தப் பதிலில் கூடவே ஆப்ஷன் 150 என்ற இடத்தில் எந்த முகவரி வருகிறதோ, அந்த டிஎஃப்டிபி சர்வரிடம் (எளிய கோப்பு அனுப்பும் சர்வரிடம்) போய்க் கோப்புகளைக் கேட்கும். லேப்டாப்பிலேயே இந்த இரண்டு சர்வர்களையும் ஓடவிட்டு, அந்த இடத்தில் அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். ஆனால் பாதிப் பேருக்கு ஃபர்ம்வேர் வரை பிரச்சினையே போவதில்லை, போன் அவர்களுடைய லேப்டாப்பைத் தொடர்புகொண்டே இருக்காது.

காரணம், ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஹெச்சிபி. வீட்டு ரவுட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும், அதில் 150 இருக்காது. தனி சுவிட்ச் ஒன்றில் போனையும் லேப்டாப்பையும் மட்டும் மாட்டுங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கில் இதை முயலவே கூடாது, அடுத்து ரீபூட் ஆகும் போன்களெல்லாம் உங்களிடம் வந்து நிற்கும். போனில் மாற்று டிஎஃப்டிபி என்று யாராவது கையால் முகவரி போட்டிருந்தாலும் 150-ஐ அது கண்டுகொள்ளாது.

லேப்டாப்பின் ஃபயர்வாலில் டிஎஃப்டிபியின் போர்ட்டான 69-ஐ மட்டும் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பது அடுத்த தவறு. கேள்விதான் 69-க்கு வரும், கோப்பு வேறொரு போர்ட் வழியாகப் போகும்.

சரி, டிஎஃப்டிபி சர்வரின் லாகைப் பாருங்கள். போன் முதலில் ஒரு சிடிஎல் கோப்பை (எந்த சர்வர்களை நம்பலாம் என்ற பட்டியலை) கேட்கும், 'கோப்பு இல்லை' என்று வரும். பதற வேண்டாம், அது வழக்கமானதுதான். அடுத்து எஸ்இபி என்ற எழுத்துகளோடு போனின் மேக் முகவரி (அதன் தனி வன்பொருள் எண்) ஒட்டிய எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பைக் கேட்கும். லினக்ஸில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலே அது கிடைக்காது. அதற்குள் ஃபர்ம்வேர் பெயரை எழுதும்போது கோப்புப் பெயரின் கடைசியில் வரும் '.loads' ஒட்டையும் சேர்த்துவிடுகிறார்கள், சேர்க்கக்கூடாது. ஃபர்ம்வேர் ஜிப்பை அப்படியே போடாமல் பிரித்து, எல்லாக் கோப்புகளையும் வைக்க வேண்டும்.

நேராகப் புதிய பதிப்புக்குத் தாவுவதுதான் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். போனில் 8.3(3)-க்கு முந்தைய பதிப்பு இருந்தால் நடுவில் 8.5(2) போன்ற ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் 8.5(3)-க்கு மேலே போக முடியும். அப்புறம், கையொப்பம் சரிபார்க்கும் போன் இது, நீங்களே மாற்றி எழுதிய ஃபர்ம்வேரை ஏற்காது. சிஸ்கோ கையொப்பமிட்ட எஸ்ஐபிதான் ஒரே வழி.

எல்லாம் சரியாக இருந்தும் உங்கள் எக்ஸ்எம்எல்லை ஏற்க மறுத்தால், பழைய ஆபீஸின் நம்பிக்கைப் பட்டியல் (அந்த சிடிஎல்தான்) உள்ளே இருக்கலாம். # பட்டனை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்து, லைன் விளக்குகள் மின்னத் தொடங்கியதும் 123456789*0# அழுத்தினால் அதுவும் அழியும். கோப்புகளைத் தயாராக வைக்காமல் இதைச் செய்யாதீர்கள், போன் அவற்றைக் கேட்டுக்கொண்டே நிற்கும். கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது திரை அசையவில்லையே என்று வயரைப் பிடுங்கவும் கூடாது.