இங்கிலாந்துக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறீர்களா? கல்வி ஆங்கிலத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ வருகை மாணவராகப் போகிறவர்கள் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும்: ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கியாயிற்று, ஆங்கிலம் இனிப் பிரச்சினை இல்லை. இதுதான் முதல் தவறு. அந்தத் தேர்வின் பெரிய கட்டுரை 40 நிமிடத்தில் 250 வார்த்தை, எந்தப் புத்தகத்தையும் பார்க்க வேண்டாம், தோன்றியதை ஒழுங்காகச் சொன்னால் போதும். அங்கே போனபின் கேட்பதோ 2000, 3000 வார்த்தைக் கட்டுரை. பத்துப் பதினைந்து ஆய்வுகளைப் படித்து, அவற்றில் யார் சொல்வது எவ்வளவு தூரம் நிற்கிறது என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டும். இது வேறு வேலை, இதற்குப் பயிற்சியும் வேறு.

அந்தப் பயிற்சிக்குத்தான் பல பல்கலைக்கழகங்கள் இன்-செஷனல் வகுப்புகள் நடத்துகின்றன. பாடம் நடக்கும்போதே கூடவே நடப்பவை, பெரும்பாலும் இலவசம். முதல் கட்டுரையில் மார்க் குறைந்தபின் தேடிப் போனால் இடம் நிரம்பியிருக்கும், செமஸ்டரும் பாதி முடிந்திருக்கும். பாடம் நடப்பதே பத்துப் பன்னிரண்டு வாரம்தான், அதனால் போன முதல் வாரமே பதிந்துவிடுங்கள்.

இப்போது மிக அதிகமாக நடக்கிற, மிகவும் ஆபத்தான தவறுக்கு வருகிறேன். நீங்கள் படித்த ஆய்வில், "நகரங்கள் வேகமாக வளர்வதால் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் நிலத்தடி நீர் குறைந்திருக்கிறது" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் அதை, "மாநகரங்கள் துரிதமாக விரிவடைவதால் வறிய குடும்பங்கள் பெறும் நிலத்தடி நீர் சரிந்திருக்கிறது" என்று எழுதிவிட்டு, என் சொந்த வார்த்தையில் எழுதிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கிறார். இல்லை, வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. பேட்ச்ரைட்டிங் என்று இதற்குப் பெயரே உண்டு, பல இடங்களில் இதையும் கருத்துத் திருட்டில்தான் சேர்ப்பார்கள். பாராஃப்ரேஸ், அதாவது வேறு வார்த்தையில் மாற்றி எழுதித் தரும் இணையக் கருவிகள் செய்வதும் பெரும்பாலும் இதையேதான்.

சரி, எப்படி எழுதுவது? பத்தியைப் படித்துவிட்டு மூடிவையுங்கள். அதன் சாரத்தைப் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் சொல்வதுபோல் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. அப்புறம் ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு, அந்த ஆய்வை எழுதியவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். மேற்கோள் குறிக்குள் எடுத்துப்போட்டால்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கருத்து அடுத்தவருடையது என்றால், வார்த்தை முழுக்க உங்களுடையதாக இருந்தாலும் ஆதாரம் கட்டாயம். கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதத்தை வைத்து பயப்படுவதும் தப்பு, நிம்மதி அடைவதும் தப்பு. அது வரிகள் எங்கே ஒத்துப்போகின்றன என்று மட்டும் காட்டும், திருட்டா இல்லையா என்று முடிவு செய்வது ஆசிரியர்.

இன்னொன்று, அடுக்கிக்கொண்டே போவது. ஒருவர் இப்படிச் சொல்கிறார், இன்னொருவர் அப்படிச் சொல்கிறார், மூன்றாமவர் வேறு மாதிரி சொல்கிறார் என்று பத்தி முடிந்துவிடும், எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது கடைசிவரை தெரியாது. கேள்வியில் 'கிரிட்டிக்கலி' என்று இருந்தால், அவர்கள் எங்கே மோதுகிறார்கள், யாருடைய சான்று வலுவானது, ஏன் என்று கேட்கிறார்கள். அதற்காக எதையும் அடித்துச் சொல்லிவிடவும் கூடாது. ஒரே ஒரு ஊரில் நடந்த ஆய்வை வைத்து 'ப்ரூவ்ஸ்' என்று எழுதினால் ஆசிரியர் உடனே கேள்விக்குறி போடுவார். 'சஜஸ்ட்ஸ்' என்றோ, 'மே', 'டெண்ட்ஸ் டு' என்றோ சான்று தாங்கும் அளவுக்குச் சொல்லுங்கள்.

பெரிய வார்த்தை மோகத்தை விட்டுவிடுங்கள். எவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்டில், அதாவது கல்வி எழுத்தில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியலில், 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும்) இருக்கின்றன, நல்ல பட்டியல்தான், ஆனால் தனித்தனியாக மனப்பாடம் செய்து பயனில்லை. 'ரிசர்ச்' என்ற சொல் தெரிந்தால் போதாது, அதோடு 'மேக்' சேராது, 'கண்டக்ட்' அல்லது 'கேரி அவுட்'தான் சேரும் என்று தெரிய வேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒப்பிட, மறுக்க, வரம்பைச் சொல்ல என்று தயாரான தொடர்கள் இருக்கும், சொல்ல ஒரு கருத்து கையில் வந்தபின் போய் எடுங்கள்.

செமினார் என்னும் கலந்துரையாடல் வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை மரியாதை என்று அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், படித்துவிட்டு வரவில்லை என்றே நினைப்பார்கள். படித்ததிலிருந்து ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போய் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள், நேரம் போகப் போக இன்னும் கஷ்டம்.

மார்க்கைப் பார்த்தும் மனம் உடைய வேண்டாம். அங்கே 70 வாங்கினாலே முதல் வகுப்பு, 62 நல்ல மார்க். மார்க்கைப் பார்த்துவிட்டு அதன் கீழே ஆசிரியர் எழுதியதைப் படிக்காமல் மூடிவைப்பதுதான் நஷ்டம். கணக்கில் சேராத பயிற்சிக் கட்டுரை கேட்டால் சேராதுதானே என்று விட்டுவிடாதீர்கள், எழுதிக் கொடுங்கள். மாணவர்களைச் சந்திக்க ஆசிரியர்கள் ஒதுக்கும் நேரத்தில் ('ஆபீஸ் அவர்') போகும்போது "கட்டுரை சரியா இருக்கா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், பிழை திருத்தித் தருவது அவர்கள் வேலை இல்லை. ஒரே ஒரு பத்தியை அச்செடுத்துக்கொண்டு போய், "இதில் என் வாதம் தெரிகிறதா, எந்த வரியில் வழுக்குகிறது?" என்று கேளுங்கள், அதற்கு உட்கார்ந்து பதில் சொல்வார்கள்.