பசை காய்வதற்குள் படமெடுங்கள்: மரவேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை பதிவு செய்வது எப்படி?

நான் முதன்முதலாகச் செய்த ஸ்டூலுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு எடுத்தது. நாலு கால், மேலே ஒரு பலகை, அவ்வளவுதான். துளையும் அதற்குள் போய் உட்காரும் கழுந்தும் சரியாக அமைய மூன்று வாரம் உளியோடு மல்லுக்கட்டினேனே, அது எதுவும் அந்தப் படத்தில் இல்லை. இப்போது பார்க்க ஆசைப்பட்டால் ஸ்டூலை உடைத்தால்தான் உண்டு.

அதனால் இந்த விளக்கம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: எது மறையப் போகிறதோ அதை முதலில் எடுங்கள். முடிந்த பொருளை நாளைக்கும் எடுக்கலாம். பெரிய கேமரா வேண்டாம், கையிலிருக்கும் போன் போதும்.

படி 1: லென்ஸ்

பட்டறையில் எடுக்கும் படங்கள் மங்கலாக வருவதற்குப் பாதிக் காரணம் மரத்தூள்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கையோடு போனை எடுத்தால் லென்ஸில் ஒரு மெல்லிய படலம் படிந்துவிடும். முதலில் ஊதுங்கள், அப்புறம் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் அந்தத் தூளே கீறிவிடக்கூடும். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளையும் போட்டு வையுங்கள். பலகை சாய்ந்திருக்கிறதா, நீங்கள் சாய்ந்திருக்கிறீர்களா என்பது அப்போதுதான் தெரியும்.

படி 2: வெளிச்சம்

ஜன்னலோரம் ஒரு இடம் பிடியுங்கள். பிடித்ததும் விளக்குகளை அணையுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; மஞ்சள் பல்பின் வெளிச்சம் 2700 முதல் 3000 கெல்வின் வரை இருக்கும். பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500. இரண்டும் ஒரே பலகையில் விழுந்தால் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும்.

ஃபிளாஷ் வேண்டாம். நேர் எதிரே இருந்து அடிக்கும் ஒளி மரத்தை அட்டை போல ஆக்கிவிடும். இதை நீங்களே சோதித்துப் பாருங்கள். இழைப்புளி போட்ட ஒரு பலகையை ஜன்னலுக்கு நேராக நிறுத்துங்கள். வழவழப்பாக, குற்றமே இல்லாததாகத் தெரியும். இப்போது மெல்லத் திருப்பி, வெளிச்சம் பலகையின் முகத்தை உரசிக்கொண்டு போகும்படி வையுங்கள். ரேகை எழுந்து நிற்கும். இழைப்புளி போன தடம், முடிச்சருகே நார் பிய்ந்த இடம், நீங்கள் சரி செய்துவிட்டதாக நினைத்த பள்ளம், எல்லாம் வெளியே வந்துவிடும். படத்துக்காக மட்டுமல்ல, வார்னிஷ் அடிக்கும் முன் குறை கண்டுபிடிக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நிழல் பக்கம் மிகவும் இருண்டுவிட்டால் எதிர்ப்புறம் ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரை நிறுத்துங்கள்.

படி 3: ஒரே இடம், ஒரே உயரம்

தரையில் போனை மாட்டும் ஸ்டாண்டின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்கிருந்து ஒரு படம். கடைசியில் வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் பலகைக் குவியல் ஸ்டூலாக எழுவது தெரியும். பெரும்பாலான போன்களில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும்.

படி 4: தவறவிடக் கூடாதவை

அறுப்பதற்கு முந்தைய பலகை. பென்சில் கோடும் மூலைமட்டமும், உப்புத்தாள் பட்டால் கோடு போய்விடும். உளி எடுத்த துளை, அருகே சீவல்களோடு. சீவலைப் பெருக்கிவிட்டு எடுக்காதீர்கள், அழகே அதில்தான். பசை போடாமல் பொருத்திப் பார்க்கும் நேரம் மிக முக்கியம். கழுந்தைப் பாதி உள்ளே தள்ளி, பாதி வெளியே தெரிய நிறுத்தி எடுங்கள். மூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

பசை தடவிவிட்டால் சில நிமிடம்தான் கிடைக்கும், கையும் பிசுபிசுப்பாக இருக்கும். அப்போது படம் எடுக்க முயன்று நான் ஒரு காலைக் கோணலாக ஒட்டியிருக்கிறேன். கிளாம்ப் போட்டு முறுக்கிய பிறகு நிதானமாக எடுக்கலாம்.

எனக்குப் பிடித்தது எண்ணெய் பூசும் படம். பலகையில் பாதி வரை மட்டும் பூசிவிட்டு நிறுத்துங்கள். ஒரு பக்கம் வெளிறிய உலர்ந்த மரம், மறுபக்கம் நிறம் ஆழ்ந்து ரேகை மின்னும் மரம், நடுவே ஈரக் கோடு. இதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

சொதப்பியதையும் எடுங்கள். அடுத்த முறை அளவெடுக்கும்போது உதவும்.

படி 5: மெஷின் ஓடும்போது

ஒரு கையில் போன், மறு கையில் பலகை என்பது வேண்டவே வேண்டாம். வேலை நடப்பது தெரிய வேண்டுமென்றால் ஸ்டாண்டில் போனை வைத்து வீடியோ ஓடவிடுங்கள், பிறகு அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். கை ரம்பமும் இழைப்புளியும் மெஷினைவிடப் படத்தில் நன்றாகவே இருக்கும்.

படி 6: முடிந்த பொருள்

பின்னால் சுருக்கமில்லாத சாம்பல் நிறத் துணி ஒன்று போதும். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. கிட்டே போய் எடுத்தால் ஸ்டூலின் கால்கள் விரிந்து, நீங்கள் கோணலாகச் செய்தது போலக் காட்டும். நாலடி பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கண் உயரத்தில் நின்றுகொண்டு எடுக்காமல், இருக்கைப் பலகைக்குச் சற்று மேலே வரை குனியுங்கள்.

வார்னிஷ் பளபளப்பு ரேகையை மறைக்கிறதா? போலராய்டு கூலிங் கிளாஸை லென்ஸ் முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் பளபளப்பு சட்டென்று குறையும். பலகையின் தளத்தோடு ஏறக்குறைய 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போது இது நன்றாக வேலை செய்யும்.

பிறகு ஸ்டூலைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். பென்சிலில் தேதி எழுதியிருந்தால் அதுவும் படத்தில் விழட்டும். எழுத மறந்திருந்தால், கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருக்கட்டும், போய்ப் பென்சிலை எடுத்து வாருங்கள்.